ஈரம் படாத இடம்

எண்பத்தேழாம் வருஷம் பிறக்கும்போதே பத்திநாதனுக்கு அலுப்புத் தட்டியிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே தோட்டத்து மருந்துச்சாலை. கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் ஆறு மைல், இறங்கி ஒன்றரை மைல் மேட்டு நடை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் முன்பே இருமலும் வயிற்றோட்டமும் அட்டைக்கடிப் புண்ணும் அவர் வாசலில் வரிசை கட்டி நிற்கும். மேலிடத்திலிருந்து வரும் மருந்துப் பெட்டியோ பாதிக்கு மேல் வைக்கோலாக வரும். இருப்பதை வைத்துக்கொண்டு இல்லாததையும் சமாளிக்க வேண்டும். அந்தச் சமாளிப்பில் அவருக்குக் கை தேர்ந்திருந்தது. மனசுதான் விட்டுப்போயிருந்தது.

உத்தியோகப் பெயர் டிஸ்பென்சர். ஜனங்களுக்கு அவர் மருந்தையா. வெளியூரிலிருந்து வந்த ஐயா இல்லை, இதே தோட்டத்துப் பணிய லயத்தில், தாழ்வாரத்துத் தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். சாமியார்மார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டதால் தப்பித்தார். படித்து, பயிற்சி முடித்து, முழுக்காற்சட்டை போட்டுத் திரும்பி வந்தபோது, அதே வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அலோசியஸ்தான் முதல் ஆளாக "வாங்க ஐயா" என்றார். அலோசியஸுக்கு இவரைவிட ஐந்து வயது கூட. அதுவரைக்கும் "டேய் பத்தி" என்று கூப்பிட்டவர். அந்த முதல் "ஐயா" பத்திநாதனுக்குக் காதில் இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

அந்த அலோசியஸ்தான் பெப்ரவரி மாதம் ஒரு காலை, வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகு உள்ளே வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து வழக்கில் சொன்னால் ஸ்டோரில், தூளைக் காயவைக்கும் அடுப்பு ரூமில் முப்பத்துநாலு வருஷமாக வேலை பார்க்கிறவர். ஒண்ணுக்குப் போக முடியவில்லை, முதுகு நடுவில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது பத்திநாதன் முகத்தைப் பார்க்கவில்லை. தானாகப் போகிற விஷயமில்லை என்று பத்திநாதனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

கண்டிக்குக் கூட்டிப் போனார். அங்கே பெரிய டாக்டர் மகாலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், நிறையப் பேசாத மனிதர். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்புக்கும் ஏறிவிட்டது என்றார். ஆண்பிள்ளை உடம்பில் ஊறும் சுரப்புத்தான் அந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்தினால் நோய் அடங்கும், வருஷக்கணக்கில்கூட அடங்கிக் கிடக்கும். நிறுத்துவதற்கு வழி, விதை இரண்டையும் எடுத்துவிடுவது. சின்ன ஆபரேசன், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் வெகு சாதாரணமாகச் சொன்னார்.

அலோசியஸ் நாற்காலியை விட்டு எழுந்து தலைத்துண்டை எடுத்துக்கொண்டார். "முழு மனுசனா வந்தேங்க. முழு மனுசனாவே போயிடுறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஐம்பத்தெட்டு வயது, பேரப்பிள்ளை எடுத்தவர், இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று கேட்பவன் கேட்கலாம். கேட்பவனுடையது பத்திரமாக இருக்கும்.

பத்திநாதனும் பின்னால் ஓடப் பார்த்தார். டாக்டர் அவரை மட்டும் நிறுத்தினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் புது மருந்து பரீட்சையில் இருக்கிறது, இருபத்துநாலு நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம், ஒரு இடம் மிச்சமிருக்கிறது என்றார். மேசை லாச்சியை இழுத்துத் தகட்டு உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே தடித்த ஊசி, அதன் குழாய்க்குள் நெல்மணி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு குச்சி.

"ஆபரேசன் செய்து தைக்கிறபோது தானாய்க் கரையிற நூல் இருக்குதெல்லே, அந்த இனத்துச் சாமான்தான் இது. அதுக்குள்ளை மருந்தைக் கலந்து வைச்சிருக்கினம். வயித்துத் தோலுக்குக் கீழை வைச்சுவிட்டால் உடம்பின்ரை ஈரத்திலை கொஞ்சங் கொஞ்சமாய்க் கரையும். ஒவ்வொரு நாளும் ஒரு துளி மருந்து விடும். இருபத்தெட்டு நாளிலை குச்சியும் இல்லை, மருந்தும் இல்லை. பிறகு அடுத்தது. வெட்டிச் செய்யிற வேலையை இது வெட்டாமல் செய்யும்."

பத்திநாதன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகச் சிவப்புத் தண்ணீரும் வெள்ளை மாத்திரையுமாகக் கொடுத்துக் கொண்டிருந்தவருக்கு, ஒரு மாசத்து மருந்தைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு தினம் அளந்து கொடுத்துவிட்டு, கடைசியில் தானும் இல்லாமல் போகிற அந்தக் குச்சி ஒரு அதிசயமாகவே இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு தொழில்மேல் ஒரு ஆசை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அலோசியஸைப் பிடித்து, சோடா வாங்கிக் கொடுத்து, விளக்கிச் சொன்னார். அலோசியஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெட்ட மாட்டாங்களே என்று. மாட்டாங்க, நான் பொறுப்பு என்றார் பத்திநாதன்.

மார்ச் கடைசியில் தொடங்கி மாசத்துக்கு ஒரு தரம் கண்டிக்குப் போய்க் குச்சி வைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாவதற்குள் முதுகுவலி போன இடம் தெரியவில்லை. சிறுநீர் தாராளமாக இறங்கியது. இரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் கணக்கு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகச் சொல்லி டாக்டர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்தே பத்திநாதன் அன்றைக்குத்தான் பார்த்தார். அலோசியஸ் அடுப்பு ரூமுக்குத் திரும்பி, பழையபடி விறகு போடுகிறவனை அதட்டிக்கொண்டு நின்றார்.

ஜூலையில் நாடு கலங்கியது. ஊரடங்குச் சட்டம், எரிந்த பஸ்கள், மூடிய கடைகள். ஐந்தாவது குச்சிக்குக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. இனி மாசா மாசம் நீங்கள் வந்து போவது நிச்சயமில்லை என்று சொல்லி, டாக்டர் ஓகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர் மூன்று மாசத்துக்கும் மூன்று உறைகளைப் பத்திநாதன் கையில் கொடுத்தார். தோலை மரக்கச் செய்து ஊசி ஏற்றும் விதத்தைக் கையைப் பிடித்துப் பழக்கினார். இரண்டு விஷயம் சொன்னார். ஈரம் படக்கூடாது, பட்டால் உறைக்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும். சூடும் ஆகாது. உறையிலும் இருபத்தைந்து பாகைக்கு மேல் சூடு போகக்கூடாது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்தபோது பத்திநாதனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மழைக்காலத்தில், கம்பளிக்குள் கம்பளி போர்த்திப் படுக்கிற ஊரில், சூட்டுக்கு எங்கே போவது. சூடு கொழும்புக்காரர்கள் கவலை என்று அந்த வரியைத் தள்ளிவிட்டார். மனசில் நின்றது ஈரம் மட்டும்.

மலையில் ஈரத்துக்குப் பயப்படாதவன் கிடையாது. ஜூன் பிறந்தால் மூன்று மாசத்துக்கு மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். சப்பாத்தில் பூஞ்சணம், பைபிள் அட்டையில் பூஞ்சணம். உப்புச் சட்டியில் தண்ணீர் நிற்கும். மருந்துச்சாலை அலமாரியில் மாத்திரைகள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு ரூமுக்கும் தூள் கட்டுகிற அறைக்கும் நடுச்சுவரில் பெரிய மரத்தட்டு ஒன்று இருந்தது. நனையக்கூடாத எதுவும் அங்கேதான் போகும். ஞானஸ்நானச் சீட்டுகள், பிரஜாவுரிமைக் கடிதங்கள், இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்களின் பாஸ்போர்ட்டுகள், கல்யாணப் பட்டு, எல்லாம் தகரத்தில் அடைத்துப் பெயர் எழுதி வைத்திருக்கும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கண்டும் காணாமல் விட்டுவிடுவார். பத்திநாதனுடைய பிஸ்கட் தகரமும் அங்கே பத்து வருஷமாக இருந்தது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் தூளையும் பஞ்சையும் அவர் அங்கேதான் வைப்பார். ஒரு நாளும் கெட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்து, மூன்று உறைகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அன்றைக்கு அடுப்பு அணைந்து கிடந்தது. தட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்த மரம், சில்லென்று இருந்தது. இதைவிட நல்ல இடம் இந்த மலையிலேயே இல்லை என்று திருப்தியோடு தகரத்தை மூடிவிட்டு வந்தார். வார நாளில், மழைக் கொழுந்தைக் காயவைக்க இரண்டு மடங்கு விறகு எரியும்போது, அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் வார நாளில் அந்தத் தட்டுக்குப் போனதில்லை. வேண்டியதை எடுத்துவரச் சொன்னால் யாராவது எடுத்து வருவார்கள். ஐயா போய் எடுப்பது வழக்கமில்லை.

ஓகஸ்ட் நடுவில் உறையை அலோசியஸே எடுத்து வந்தார். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மழைச்சாக்குப் போர்த்திக்கொண்டு வந்தார். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. என்ன என்று பத்திநாதன் கேட்டார். ஒண்ணுமில்லைங்க என்றார். ஊசி சுலபமாகப் போயிற்று. டாக்டர் செய்ததைவிட நன்றாகச் செய்தோம் என்றுகூட பத்திநாதனுக்குத் தோன்றியது. செப்டம்பரில் தள்ளுவதற்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. குச்சியின் வெள்ளை மங்கின மாதிரி இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒக்டோபர் பதின்மூன்றாம் தேதி உறையைப் பிரித்தபோது கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியவில்லை. குச்சி மஞ்சளாகி, வளைந்து, குழாயின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தள்ளியபோது இரண்டாக முறிந்தது. அலோசியஸ் சட்டையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவரை எழுப்பி அனுப்புவதா, இருக்கிற துண்டுகளை வைப்பதா. பத்திநாதன் வைத்தார். வைத்துவிட்டுக் கட்டுப் போட்டு, போயிட்டு வாங்க என்றார்.

அன்று மத்தியானமே குடையை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஏறினார். ஐயா நேரில் வந்ததைப் பார்த்துத் தூள் கட்டுகிற பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பக்கம் அடுப்பு முழு வேகத்தில் எரிந்து கொண்டிருந்தது. தட்டில் இருந்த தகரத்தைத் தொட்டவர் கையை உதறி இழுத்துக்கொண்டார். என்னவாவது கருகிவிட்டதா என்று டீமேக்கர் கேட்டார். இல்லை என்று சொல்லி, தகரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கினார். மூன்று தடவையும் அந்த மனிதர் வயிற்றில் வைத்தது மருந்தில்லை, வெந்துபோன பசை என்று விளங்கிவிட்டது.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். காகிதம் எடுத்தார். "கனம் டாக்டர் அவர்களுக்கு" என்று தொடங்கி இரண்டு வரி எழுதிக் கிழித்தார். விசாரணை வரும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், லயத்தில் பிறந்தவனிடம் இதைக் கொடுத்திருக்கக் கூடாது என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்பது. சிறு வயதிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிவந்த பயம் அது. மருந்து ஓரளவுக்காவது இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் எழுதலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அவருக்கு மிகவும் களைப்பாக இருந்தது, களைத்த மனுஷனுக்கு நாளைக்கு என்பதைப் போலச் சுகமான சொல் கிடையாது.

அதற்குள் அலோசியஸின் முதுகில் ஆணி திரும்ப இறங்கிவிட்டது. படி ஏறும்போது சுவரைப் பிடித்தார். ஒரு நாள் அவர் மனைவி இராசம்மா கொழுந்துக் கூடையோடு நேரே மலையிலிருந்து வந்தாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு. மருமகன் கல்யாணத்தில் இவர் சாராயம் குடித்தாராம், அதனால்தான் வெளிநாட்டு மருந்து வேலை செய்யாமல் போயிற்றாம், அவரே ஒப்புக்கொண்டாராம். நல்லா நாலு வார்த்தை கேளுங்க ஐயா என்று மூக்கைச் சிந்தினாள். பத்திநாதன் அலோசியஸைப் பார்த்தார். "ஆமாங்க, ரெண்டு கிளாசு" என்றார் அவர் தரையைப் பார்த்து.

பத்திநாதன் இதை எண்ணி எண்ணி வெட்கப்பட்டது பிற்பாடு. அந்த நிமிஷத்தில் அவருக்குப் பெரிய சுமை இறங்கின மாதிரித்தான் இருந்தது. குடித்தால் கெடுமோ என்னவோ, யார் கண்டது. இனிமேல் குடிக்காதீங்க என்று ஒரு ஐயா சொல்லும் குரலில் சொல்லி அனுப்பினார்.

நவம்பர் இரண்டாம் வாரம் கண்டிக்குப் போனார்கள். ரயிலில் அலோசியஸால் உட்கார முடியவில்லை, கதவோரம் சாய்ந்து நின்றபடியே வந்தார். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு அலோசியஸை வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் பத்திநாதனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணக்கு பழைய இடத்தையும் தாண்டிவிட்டது. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கத் தொடங்கியிருக்கிறது.

"இவருக்கு இந்த மருந்து கேக்கேல்லை" என்றார் டாக்டர். "சிலருக்கு அப்பிடித்தான். இனி வெட்டுறதைத் தவிர வேறை வழியில்லை. நாளைக்கே செய்வம்." சொல்லிக்கொண்டே பரீட்சைப் படிவத்தை இழுத்து, மருந்து தோற்றது என்று எழுதத் தொடங்கினார்.

சும்மா இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். மருந்துமேல் பழி, அந்த மருந்துக்கு வாயில்லை. பத்திநாதன் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை பேர் அந்தக் குச்சியை நம்பி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற நினைப்பு வந்ததா, இல்லை, மறைத்து மறைத்துச் சலித்துப்போயிற்றா, அவருக்கே தெரியாது.

"மருந்து தோக்கலைங்க சேர். நான் சூட்டுல வெச்சிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். ஈரம், தட்டு, ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் குச்சி, ஒன்றையும் விடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கத்துவார் என்று பத்திநாதன் காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எப்ப தெரியும்?"

"போன மாசம் பதிமூணாந் தேதி சேர்."

டாக்டர் மேசை நாள்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். அன்றைக்குத் தந்தி ஒன்று அடித்திருந்தால் போதும், தன் கையில் இரண்டு குச்சி மிச்சமிருந்தது, ஒக்டோபர் கடைசியில்தான் கம்பெனிக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னார். அப்போது எலும்பும் முழுசாக இருந்திருக்கும். இனிக் கடிதம் எழுதிப் பதில் வந்து மருந்து வருவதற்குள் இரண்டு காலும் விழுந்துவிடும். ஆகவே ஆபரேசன்தான். அதுவும் மருந்து செய்கிற அதே வேலையைத்தான் செய்யும், உயிருக்கு அதனால் குறைவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மருந்து வைத்த இடம் பிழை என்று மேலே எழுதினார். படிவத்தை மூடினார்.

"அவருக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

வராந்தாவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. பத்திநாதன் பெஞ்சில் அலோசியஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. நாளைக்கு ஆபரேசன் என்று முதலில் சொன்னார். அலோசியஸ் தலையை ஆட்டினார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். பிறகு பத்திநாதன் காரணத்தைச் சொன்னார். தகரத்தை அந்தத் தட்டில் வைத்தது தன் தப்பு, மருந்து அந்தச் சூட்டில் வெந்துபோயிற்று, உங்க உடம்பிலோ சாராயத்திலோ குற்றமில்லை.

"தெரியுமுங்க" என்றார் அலோசியஸ்.

பத்திநாதன் திரும்பிப் பார்த்தார்.

"மொத தடவ எடுக்கப் போனப்பவே தகரம் கையச் சுட்டுச்சுங்க. முப்பத்துநாலு வருசம் அடுப்புல நிக்கிறவன், எது எந்தச் சூட்டுக்குத் தாங்கும்னு தெரியாதுங்களா. மெழுகு மாதிரி சாமான் இங்க கெடக்குதேன்னு நெனச்சேன். ஒங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன் அன்னிக்கி."

"வாசல்ல நின்னீங்களே. ஏன் சொல்லல?"

அலோசியஸ் யோசித்தார். இவ்வளவு தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாரே என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"நீங்க ஐயா. வெளிநாட்டு மருந்து, படிச்சவங்க வெச்ச எடம். சூட்டுலதான் வெக்கணும்போலன்னு ஒரு மனசு. இல்லாட்டியும், ஐயா நீங்க வெச்ச எடம் தப்புன்னு நான் எப்படிங்க சொல்லுறது?"

கல்யாணத்தில் குடித்தீர்களே, அது, என்று பத்திநாதன் எதையோ கேட்டார்.

"இல்லீங்க. நான் குடிக்கல. இராசம்மாவுக்குச் சந்தேகம் வந்திருச்சு, ஊசி போட்டதுலதான் என்னமோ கோளாறுன்னு. அவ வாய் ஒங்களுக்குத் தெரியுமே. ஒங்க வாசல்ல வந்து நாலு பேரு முன்னால கத்திட்டான்னா மரியாதையா இருக்காதுங்களே. அதான் குடிச்சேன்னு சொல்லிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் பத்திநாதன் தாங்கியிருப்பார். இரண்டு பேர் இருந்தோம், இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, ஒருத்தர் மரியாதைக்காக வாய் மூடினார், ஒருத்தன் அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள வாய் மூடினான் என்று அவர் நினைத்தார். விலை மட்டும் ஒருத்தர் கொடுக்கப் போகிறார்.

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. சட்டென்று எழுந்தார். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காற்று வாங்க வேண்டும் போலிருந்தது. பின்னால் ஏதோ முனகல் கேட்டுத் திரும்பினார். ஐயா எழுந்து நிற்கும்போது தொழிலாளி உட்கார்ந்திருப்பது தோட்டத்தில் இல்லாத பழக்கம். நொறுங்கிய முதுகெலும்போடு அலோசியஸ் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் பெஞ்சையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"உக்காருங்க அண்ணே" என்றார் பத்திநாதன்.

"பரவாயில்லைங்க ஐயா."

இன்னொரு தடவை சொன்னார். அலோசியஸ் அப்படியே நின்றார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. பத்திநாதன் அவசர அவசரமாகத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அலோசியஸ் உட்கார்ந்தார்.